ஊசி போடும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை



வார்டிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு செவிலியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. செவிலியரின் கருணையையும் பொறுமையையும் எல்லா மேடைகளிலும் புகழ்கிறோம். அவர்களுடைய அறிவைப் பற்றிப் பேசுவது அரிது. இன்று அவர்களுக்கு வேண்டிய மருந்தியல் அறிவைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

மருத்துவர் தவறாக எழுதினால் மருந்தாளுநர் கண்டுபிடிக்கலாம். மருந்தாளுநர் தவறவிட்டால் செவிலியர் கண்டுபிடிக்கலாம். செவிலியருக்குப் பின்னால் நோயாளியின் உடம்புதான் இருக்கிறது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது. சிரிஞ்சும் அப்படியே இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. கேஸ் ஷீட்டில் 20 யூனிட் என்று இருக்கிறது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடுவரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் இருப்பது 50 யூனிட். விடியற்காலையில் அந்த நோயாளி வியர்த்துக்கொட்டி நினைவிழந்து கிடப்பார். 40 யூனிட் குப்பியும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுமாக மாறி நடந்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று மறுநாள் டாக்டர் அளவைக் கூட்டுவார். அடுத்த ஷிப்டில் வருபவர் சரியான சிரிஞ்சை எடுப்பார். கூட்டிய அளவு முழுதும் உள்ளே போகும். இரண்டாவது வகைப் பிழைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது, ஏனென்றால் சரியாகச் செய்தவர்மீது பழி விழும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். தவறான சிரிஞ்சை எடுத்த செவிலியரும் ஐந்தையும் சரிபார்த்ததாகவே மனதார நம்பியிருப்பார். செறிவு என்றால் என்ன என்ற தெளிவு மட்டுமே அவரைத் தடுத்திருக்கும்.

அறிவு உயிர் காக்கும் இடத்துக்கும் வருகிறேன். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் போடுகிறோம். இரவு நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதன் முதல் தவணையைப் போடுவது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். 50 சதவீதக் கரைசல், 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம். இரு பிட்டங்களிலும் ஆழமாக 5 கிராம் வீதம். பெரிய மருத்துவமனையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த தவணைகள் தொடரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா. ஏன் இந்த மூன்று? மக்னீசியம் வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாக. சிறுநீர் குறைந்தால் இரத்தத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். முதலில் முழங்கால் உதறல் நின்றுபோகும். அதன் பிறகுதான் மூச்சு தடைப்படும். அந்த இடைவெளியில் அடுத்த தவணையை நிறுத்தி, முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கையில் எடுப்பவர் ஒரு தாயைக் காப்பாற்றிவிடுகிறார். காரணம் தெரியாதவருக்கு அந்த மூன்றும் நிரப்ப வேண்டிய கட்டங்கள். வேலைப்பளு மிகுந்த இரவில் பார்க்காமலே நிரப்பப்படுவது அத்தகைய கட்டங்கள்தான்.

பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 2017-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பதற்றம் தணிக்கும் மிடசோலத்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்கூரோனியத்தைத் தானியங்கி அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார் ஒரு செவிலியர். நோயாளி இறந்துபோனார். மிடசோலம் திரவமாகவே வரும். வெக்கூரோனியம் பொடி, கரைத்துத்தான் போட வேண்டும். பொடியைக் கண்டதுமே கை நின்றிருக்க வேண்டும். அதே வேளையில், தன் பிழையைத் தானே தெரிவித்த அவரை 2022-இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது எனக்கு உடன்பாடில்லை. தண்டனைக்கு அஞ்சி மற்றவர்கள் வாய்மூடினால், அடுத்த பிழைக்கான எச்சரிக்கை நமக்கு எங்கிருந்து வரும்?

இந்திய செவிலியர் குழுமம் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் மருந்தியல் மூன்றாம், நான்காம் பருவங்களில் வருகிறது. அதோடு அது முடிந்துவிடக் கூடாது. டோஸ் கணக்கு கடைசிப் பருவம்வரை, பணியில் சேர்ந்த பிறகும், நோயாளியின் படுக்கையருகே சொல்லித்தரப்பட வேண்டும்.

படித்தவர்களையும் சூழல் தோற்கடிக்கும். சிட்னியின் இரண்டு போதனா மருத்துவமனைகளில் 98 செவிலியரைக் கவனித்த ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடின. நம் வார்டுகளில் டிஸ்சார்ஜ் ஃபைல், தொலைபேசி, உறவினர் கேள்வி எல்லாம் அந்த ஒரே நேரத்தில்தான் வருகின்றன.

ஆகவே மருத்துவமனை நிர்வாகிகளிடம் சில கோரிக்கைகள். மருந்து கொடுக்கும் நேரத்தில் செவிலியரைக் கூப்பிடாதீர்கள். ஒரே வார்டில் இருவகை இன்சுலின் சிரிஞ்சுகளை வைக்காதீர்கள். நேரடியாகச் சிரையில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைப் பொது அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே பூட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஓர் இளம் செவிலியர் டூட்டி டாக்டரை அழைத்து, "சார், இந்த டோஸ் சரிதானா?" என்று கேட்டால், கேட்டதற்காக அவர் திட்டு வாங்கக் கூடாது என்பதை எழுத்திலேயே உத்தரவாக்குங்கள்.