மதுவரியும் நம் கூலியும்



கருவூலத்தில் பற்றாக்குறை தோன்றினால் அரசின் கை முதலில் மதுவரியை நாடுகிறது. நம் புதுவையிலும் 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கால் வருவாய் குன்றியபோது, மதுவின்மீது சிறப்பு வரி விதிக்கப்பட்டது; மறு ஆண்டு நீக்கப்பட்டது. “குடிப்பவன்தானே கொடுக்கிறான், நமக்கென்ன?” என்று கேட்போர் உளர்.

கொடுப்பவர் யார் என்று நாம் ஆராய வேண்டும். வருமான வரி ஒருவரின் ஊதியத்திற்கேற்ப உயர்கிறது. மதுவரியோ அவ்வாறன்று. ஒரே புட்டிக்கு நிலக்கிழாரும் ஒரே வரி கொடுக்கிறார்; நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் நம்மவரும் அதே வரி கொடுக்கிறார். அவருக்கு அது உபரிப் பணம். நமக்கு அது உலையரிசி.

வரியை மேன்மேலும் உயர்த்தினால் குடி ஒழியுமா? சிலர் குறைப்பர், சிலர் மலிவான கள்ளச்சாராயத்தை நாடுவர். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டோர் 60 பேருக்கு மேல். மாண்டோரில் பெரும்பாலோர் உழைத்துண்ணும் ஏழைகளே.

அண்ணல் அம்பேத்கர் இதில் நமக்கு இரு பாடங்களை விட்டுச் சென்றார். 1951ஆம் ஆண்டு அவர்தம் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை, அரசு வருவாய் வீணே இழக்கப்படுகிறது என்று கூறி மதுவிலக்கை எதிர்த்தது. அவரே 1927இல் மகாத் நகரில் கூடிய நம் தாய்மார்களிடம், குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறிடாதீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அறிவுறுத்தினார். இவை முரணல்ல. முன்னது அரசுக்கு உரியது. பின்னது வீட்டுக்கு உரியது.

ஆகவே பிள்ளையார்குப்பத்து இளைஞர்களுக்குக் கடமைகள் இரண்டு. நம் கூலி சாராயக்கடைக்குச் செல்லாது காத்தல் ஒன்று. மதுவரியாக அரசு பெறும் பணத்தில் நம் பள்ளிகளுக்கும், மாணவர் உதவித்தொகைக்கும், குடிநோய் மருத்துவத்திற்கும் எவ்வளவு திரும்புகிறது என்று ஆண்டுதோறும் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்டல் மற்றொன்று. நம் வீட்டிலிருந்து சென்ற பணத்திற்குக் கணக்குக் கேட்பது இரத்தலன்று, உரிமை. கணக்குக் கேட்க எழுத்தறிவு வேண்டும். அதற்காகவே இச்சங்கம் 25 ஆண்டுகள் உழைத்துள்ளது.