வானில் எழுவதெல்லாம் தாக்குதலா?

(மயிலாப்பூரில் சொல்லாய்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கின்றேன். வான்படையினர் வழங்கும் ‘சார்ட்டி’ என்பது அது. செய்தித்தாள்கள் இதனை ஒருநாள் ‘தாக்குதல்’ என்கின்றன. மறுநாள் ‘முறை’ என்கின்றன. மூன்றாம் நாள் ‘சார்ட்டி’ என்றே அச்சிட்டுக் கைகழுவி விடுகின்றன.

ஒரு வானூர்தி படைப்பணியின் பொருட்டு ஒருமுறை எழுந்து தரையிறங்குவதே ஒரு சார்ட்டி. நான்கு வானூர்திகள் இருமுறை எழுந்து மீண்டால் எட்டு. ‘எட்டு முறை பறந்தன’ என்றெழுதினால், நான்கும் எட்டெட்டு முறை பறந்தனவாகப் பொருள்படும். அவ்வெட்டனுள் ஒன்றேனும் குண்டு வீசியிருக்க வேண்டும் என்பதுமில்லை. 1991 வளைகுடாப் போரில் கூட்டணி நாடுகளின் கணக்கு ஓரிலக்கத்தைத் தாண்டிற்று. அவற்றுட் பல, எரிபொருள் ஊட்டவும் வேவு பார்க்கவும் சரக்குச் சுமக்கவும் எழுந்தவை.

தொலைவிற்கு ஏன் போகவேண்டும்? 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் மூடிக் கிடக்க, தாம்பரம் படைத்தளத்திலிருந்து உலங்கூர்திகள் எழுந்து உணவுப் பொட்டலங்களை இட்டுச் சென்றன. அவை ஒவ்வொன்றும் சார்ட்டிதான். சோறு போட வந்ததைத் தாக்குதல் என்போமா?

இச்சொல்லின் பிறப்பு இன்னும் சுவையானது. ‘வெளியே போதல்’ என்னும் பொருளுடைய பிரஞ்சுச் சொல் இது. முற்றுகைக்குள் அகப்பட்டோர் கோட்டைக் கதவைத் திறந்து பாய்ந்து, பகைவரை அடித்துவிட்டு உள்ளே திரும்புவதற்கு வழங்கியது. இதோ, கூப்பிடு தொலைவிலுள்ள சாந்தோமைப் பிரஞ்சியர் 1672-இல் கைப்பற்றினர். கோல்கொண்டைப் படையும் ஒல்லாந்தரும் வளைத்து நின்று 1674-இல் அவர்களைப் பணிய வைத்தனர். அச்சொல் பிறந்த வகைப் போரை நேரிற் கண்ட மண் இது!

நம் இலக்கணமும் அப்போரை அறியும். தொல்காப்பியர் மதில் வளைத்தலையும் காத்தலையும் உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை, காத்தலை நொச்சியெனத் தனியே பிரித்தது. இத்துணை நுண்மை கண்ட மொழிக்கா ஒரு சொல் வாய்க்காது?

‘பறப்பு’ என்கின்றனர் சிலர். காக்கையும் பறக்கின்றது, பயணியர் வானூர்தியும் பறக்கின்றது. படைப்பணி அதிற் புலப்படவில்லை. ‘வான்படைச் செலவு’ என்பது என் கருத்து. செல்லுதல் செலவு, படை செல்வதைப் படைச்செலவு என்பது பழைய வழக்கு. நீளமாயிற்றே எனின், ஒருமுறை முழுமையாகச் சொன்னபின் ‘செலவு’ என்றே சுருக்கலாம். ‘செலவென்றால் பணமல்லவா?’ என்று முன்வரிசையில் ஓர் இளைஞர் சிரிக்கின்றார். போர் வானூர்தி ஒருமுறை எழுந்திறங்க ஆகும் பணத்தை எண்ணினால், தம்பி, அப்பொருளும் பொருந்தாமற் போகாது!

‘நான்கு வானூர்திகள், எட்டுச் செலவுகள்’ – எழுதிப் பாருங்கள். இதனினும் நல்ல சொல் உங்களிடம் இருப்பின் இப்போதே எழுந்து சொல்லுங்கள். என் சொல்லை நானே திரும்பப் பெறுகின்றேன்.