கணக்கில் இலாபமும் கையில் ரொக்கமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இல்லங்களிற் பெண்மக்கள் சிறுகச் சேர்த்த பணமும், பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணமும் இந்நாளிற் கம்பெனிப் பங்குகளிற் சென்று சேர்கின்றன. ஆகலின், ஒரு கம்பெனி ஈட்டியதாகக் கூறும் இலாபத்தை எத்துணை நம்பலாம் என்பதனை இன்று ஆராயப் புகுந்தோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பீராயின், ஊதியம் என்னுஞ் சொல்லே விடை கூறும். வள்ளுவர் நூலில் அது முதலின்மேல் வரும் இலாபம். இந்நாளிலோ ஆசிரியர் வாங்குஞ் சம்பளம். சம்பளம் கைக்கு வந்தாலன்றி ஊதியமாகாது. கம்பெனியின் இலாபம் அத்தகையதன்று.

துணி வணிகர் ஒருவர் சரக்கைக் கடனுக்கு விற்றால், பணம் வருமுன்னரே விற்ற நாளில் வரவு எழுதுவர். அது பிழையன்று, கணக்கு முறையே அதுதான். ஆயினும் வரவேண்டிய கடனும் விலைபோகாச் சரக்கும் மிக்கு, ரொக்கம் குன்றுமாயின், அவ்விலாபம் நிலைப்பது அரிது. ரிச்சர்டு சுலோன் என்னும் அறிஞர், 1962 முதல் 1991 வரையிலான அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்குகளை ஆய்ந்து 1996இல் இதனை விளக்கினார். ரொக்கமாக வந்த இலாபம் பின்னும் நிலைக்கின்றது. எழுத்தளவில் நின்ற இலாபம் விரைவில் தேய்கின்றது. பங்கு வாங்குவோரோ இரண்டனையும் ஒன்றெனவே மதிக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு.

இனி, ரொக்கமும் எழுத்தளவினதாயின் என் செய்வது? ஐதராபாத்திலிருந்த சத்தியம் கம்பெனியின் வரலாறு அதுவே. மென்பொருள் செய்த அக்கம்பெனி, 2008 டிசம்பர் 16இல், தன் தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தாரோடு தொடர்புடைய மேடாஸ் கம்பெனிகள் இரண்டனை ஏறத்தாழ 160 கோடி டாலர் கொடுத்துக் கைக்கொள்வதாக அறிவித்தது. (ஆங்கில எழுத்திற் சத்தியத்தைத் தலைகீழாக எழுதினால் மேடாஸ் ஆகும்!) மென்பொருளார்க்கு நிலமும் கட்டடமும் எதற்கெனப் பங்குதாரர் வெகுண்டனர், அம்முதலீடு உடனே கைவிடப்பட்டது. மெய்க்காரணத்தை 2009 ஜனவரி 7இல் ராஜுவே எழுதினார். கணக்கிற் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்துள் 5,040 கோடி இல்லவேயில்லை. இல்லாத பொருளின் இடத்தில் உள்ள பொருளை வைக்கவே அம்முதலீட்டை நாடினர். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் 649 கோடி எனக் காட்டிய தொழில் இலாபம் மெய்யாக 61 கோடியே. அன்று ஒருநாளிற் பங்கின் விலை 179 ரூபாயினின்று ஏறத்தாழ 40 ரூபாயாயிற்று. நல்லாட்சிக்கென 2008இல் அக்கம்பெனி பரிசும் பெற்றிருந்தது!

முற்குறி இல்லாமலில்லை. தலைவர் குடும்பத்தார் தம் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெற்றிருந்தனர். விலை வீழவே, கடன் கொடுத்தோர் அவற்றை விற்றனர். அடகுச் செய்தியை வெளியிட வேண்டுமென்னும் கட்டாயம் அந்நாளில் இல்லை. செபி 2009இல் அதனைக் கட்டாயமாக்கியது. இன்று காலாண்டுதோறும் யாவரும் அதனைக் காணலாம். ஆண்டறிக்கையில் ரொக்கப் போக்குவரத்துப் பட்டியல் என ஒன்றும் உண்டு. அதிற் தொழிலால் வந்த ரொக்கத்தை இலாபத்தோடு ஒத்து நோக்குதல் வேண்டும். அடுத்த கூட்டத்திற்கு அன்பர்கள் தாம் பங்கு வைத்துள்ள கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொணர்வாராயின், அவ்விரு தொகைகளும் எப்பக்கத்தில் உள்ளன என உடனிருந்து தேடிக் காட்டுவோம்.