வங்கிச் செயலி திறக்க மறுத்தால் பதற வேண்டாம்!

(மின்னணு சேவைகள் குறித்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேங்க் ஆப்பைத் திறந்ததும் ‘உங்கள் சாதனம் பாதுகாப்பானது அல்ல’ என்ற அறிவிப்பு வந்து, ஆப் தானாக மூடிக்கொண்ட அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கையைத் தூக்குங்க பார்ப்போம். நிறைய பேர் இருக்கீங்க. அப்போ இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

எங்க அத்தைக்கு எழுபது வயது. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிட்டதா என்று ஆப்பில் பார்ப்பாங்க. ஒரு மாதம் ஆப் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரி, அவ்வளவுதான். ‘பணம் போயிடுச்சு’ என்று பதறி, இணையத்தில் கஸ்டமர் கேர் எண் ஒன்றைத் தேடி அழைச்சிட்டாங்க. எதிர்முனையில் பேசியவர், “அம்மா, ஒரு ஆப் அனுப்புறேன், அதைப் போடுங்க. இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன்” என்றிருக்கிறார். நல்லவேளை, அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அது அத்தையின் போன் திரையைத் தூரத்தில் இருந்தே பார்க்கவும் இயக்கவும் உதவும் ஆப். அதைப் போட்டிருந்தால் பணம் உண்மையிலேயே போயிருக்கும்.

உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? விடுமுறைக்கு வந்த பேரன், ‘போன் வேகமாகும்’ என்று ஒரு வீடியோவைப் பார்த்து, ‘பில்ட் நம்பர்’ என்ற இடத்தை ஏழு முறை தட்டி ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து வைத்துவிட்டான். அதை அணைத்ததும் ஆப் திறந்துகொண்டது. அரை நிமிஷ வேலை!

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ஆப் தடுப்பது அந்தக் குறிப்பிட்ட போனை மட்டும்தான். உங்கள் கணக்கை அல்ல. பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? போனில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் இருப்பது போல. பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ‘ரூட்’ செய்த போனில் அந்தச் சுவரையே உடைக்க முடியும். வேறொரு ஆப் உங்கள் ஓடிபியையும் ரகசிய எண்ணையும் படித்துவிடலாம். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு நெறிமுறைகளில், போனின் பாதுகாப்பைச் சோதிக்கவும், தூரத்தில் இருந்து இயக்கும் ஆப் இருந்தால் இயன்றவரை கண்டறிந்து தடுக்கவும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?

1. செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ், யூஎஸ்பி டிபக்கிங் இரண்டும் அணைந்திருக்கிறதா பாருங்கள்.

2. திரையைப் பகிரும் ஆப், எங்கிருந்தோ வந்த ஏபிகே கோப்பு ஆகியவை இருந்தால் நீக்குங்கள்.

3. போனின் மென்பொருளையும் பேங்க் ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள். ஆப்பை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் இருந்து மட்டுமே எடுங்கள்.

4. வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் அதே போனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய போனை வாங்கியவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கணும். முன்பு வைத்திருந்தவர் அதை ரூட் செய்திருக்கலாம். ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் மட்டும் அது சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அசல் மென்பொருளை ஏற்றிக்கொள்வதே நல்லது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ‘இந்தச் சோதனையைத் தாண்ட வழி சொல்றேன்’ என்று யாராவது ஒரு ஆப் கொடுத்தால் வாங்காதீங்க. பூட்டு தொந்தரவாக இருக்கிறதென்று சாவியைத் திருடன் கையில் கொடுப்பதற்குச் சமம் அது. வங்கியின் எண் வேண்டுமா? உங்கள் டெபிட் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ இருப்பதைப் பாருங்கள்.

அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால்? பதிவு செய்த எண்ணிலிருந்து *99# அழைத்தால் இணையம் இல்லாமலே யுபிஐ வழியாகச் சிறு தொகைகளை அனுப்பலாம். ஆதார் இணைத்த கணக்காக இருந்தால் வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். ஏடிஎம்மும் வங்கிக் கிளையும் இருக்கவே இருக்கின்றன.

இதில் வங்கிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. எதனால் தடுத்தோம் என்று புரியும் தமிழில் சொன்னால், அத்தை மாதிரி ஆட்கள் யாரோ ஒருவருக்கு போன் போட மாட்டாங்க. பார்வையற்றவர்கள் திரையை வாசித்துக் காட்டும் வசதியை நம்பித்தான் போனைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் சந்தேகத்துக்குரியதாக ஆப் எடுத்துக்கொண்டால் அவர்களுக்குக் கதவே மூடிவிடும். இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. ஆகவே கேட்கத் தயங்காதீங்க. அறிவிப்பை இன்னொரு போனில் படம் எடுத்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒருவேளை ஏமாந்து பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் போனை மட்டுமல்ல, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போனையும் வாங்கி இந்த நான்கையும் பாருங்கள். அவங்க வங்கியின் சரியான எண்ணைப் போனில் பதிந்து கொடுங்கள். அடுத்த முறை ஆப் மூடிக்கொண்டால், அவங்க கை முதலில் அந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.