செய்தியும் ஒரு மூலதனம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் வணிகத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியின் பயன் அரசு வேலையோடு முடிந்துவிடுவதன்று. செருப்புத் தைப்போர், கூடை முடைவோர், தையற்கடை வைத்திருப்போர், சிறு பட்டறை நடத்துவோர் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கைத்திறன் உண்டு, உழைப்பும் உண்டு. இல்லாதது முதல் என்போம். முதலைப் போலவே இல்லாத இன்னொன்றும் உண்டு. அதுதான் செய்தி. எங்கே தேவை இருக்கிறது, என்ன விலை போகிறது, எந்தச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது என்னும் அறிவே அது.

நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்பது பெயர். எளியோரும் வாங்கத்தக்க விலையே இதழின் பெயராயிற்று.

செய்தி கிடைத்தால் வணிகம் எவ்வாறு மாறும்? வட கேரளத்து மத்தி மீனவரிடம் விடை இருக்கிறது. 1997 சனவரியில் ஒரு நாள் காலை வடகரைக் கரையில் 11 படகுகளின் மீனுக்கு வாங்குவாரில்லை. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றனர். அவ்வாண்டு முதல் 2001 வரை அக்கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தது. கடலில் இருந்தபடியே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தனர். விற்காமல் வீணான மீன் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மீனவரின் ஆதாயம் சுமார் 8 விழுக்காடு கூடியது. வாங்குவோர் கொடுத்த விலையோ சுமார் 4 விழுக்காடு குறைந்தது. பொருளியலறிஞர் இராபர்ட் சென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது.

ஆளுக்கொரு கருவி வேண்டும் என்பதுமில்லை. வங்காள தேசத்தில் 1997 முதல் கிராமியப் பெண்கள் சிறுகடன் பெற்றுக் கைப்பேசி வாங்கினர். ஊரார் கட்டணம் கொடுத்து அதில் பேசினர். ஒரு கருவி ஓர் ஊருக்கே பயன்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வணிகரிடம் கடன்பட்டவர் விலையறிந்தாலும் வேறிடத்தில் விற்க இயலாது. சாதி பார்த்து வாங்கும் சந்தையில் செய்தி மட்டும் கதவைத் திறக்காது. ஆகவே உரிமை தரும் செய்தியை முதலில் தேடுவோம்.

நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, நடுவண் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும். குறு, சிறு தொழிலர்க்கு ஒப்பந்தப்புள்ளி ஆவணம் இலவசம். முன்வைப்புத் தொகையிலும் விலக்குண்டு. எனினும் அந்த 4 விழுக்காட்டு இலக்கு பல ஆண்டுகள் எட்டப்படாமலே கழிந்திருக்கிறது. நமக்கென ஒதுக்கிய இலையில் நாம் உட்காரவில்லை. இலை போட்ட செய்தியே நம்மில் பலருக்கு எட்டவில்லை.

2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையில் அலுவலகங்கள் நாற்காலி முதல் சீருடை வரை வாங்குகின்றன. 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணமே இல்லை. இதனை அறியாதவரே தரகருக்குப் பணம் கொடுக்கின்றனர். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலரிடம் பொருள் வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.

இளைஞர்களே! உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் இவை அனைத்தும் உள்ளன. எழுத்தறியாத தொழிலாளிக்கோ அவை பூட்டிய பெட்டி. திறவுகோல் உங்கள் படிப்பு. கழகத்தின் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலையை இப்பணிக்கு ஒதுக்குவோம். இருவர் அமர்ந்து, வருவோர்க்குப் பதிவு செய்து கொடுக்கட்டும். ஒப்பந்த அறிவிப்புகளைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டட்டும். பாக்கி நின்ற பணத்துக்கு முறையீடு எழுதட்டும். இதற்கு ஒரு காசும் வாங்கலாகாது.

கால் நூற்றாண்டாக நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இனி அப்படிப்பு நம் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் பயன்படட்டும்.