பாணன் சென்ற நெய்தல் வழி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இலக்கியமாகப் பயின்றோர் பலர். வழிநூலாகப் பயின்றோர் சிலரே. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு 269 அடிகளில் நெறி உரைக்கின்றார். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன அந்நெறியின் ஊர்கள். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர். கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது.

அந்நெறியில் காவதக் கணக்கு இல்லை. கடற்கரையில் நுளையர் தேறலும் சுட்ட மீனும் அளிப்பர். ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டுக் கறியும் அளிப்பர். உண்பிப்போரே வழியின் அடையாளம்.

வேல்சு நாடு 2012-இல் தன் கடற்கரை நெடுக ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நடைவழியைத் திறந்தது. மரக்காணக் கரைக்கும் அத்தகைய வழி தகும். உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கழுவெளி, கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு ஆகிய யாவும் நடந்து காணத்தக்கன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்தியில் விரைவோர்க்கு இவை கணநேரக் காட்சியே.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வலை உலர்த்தும் மணலும் உப்பு வாரும் பாத்தியும் அங்கு உழைப்போர்க்கு உரியவை. அவர்தம் இசைவின்றி அமையும் நடைவழி, அவர்களுக்கே வேலியாக முடியும். விருந்தோம்புவோரை அகற்றிவிட்டு ஆற்றுப்படை பாடுதல் இயலாது.