புதுமையும் பேணலும்



கணினியைப் பற்றிப் பேசுவதற்கு நான் விஞ்ஞானம் கற்றவனல்லன்; கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையிற் பணிபுரிபவன். எனினும் கணினியின்மீது எனக்குள்ள ஆர்வம் சிறிதன்று. அதனைப் பற்றிய செய்தி எங்கு வந்தாலும் தேடிப் படிப்பேன். படித்தபின் ஓர் அபிப்பிராயம் கொள்வேன். கொண்ட அபிப்பிராயத்தைக் கேட்பார் இருப்பினும் இல்லாவிடினும் சொல்லியே தீருவேன். இன்று கேட்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆதலின் சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

கணினியைப் பற்றி நமக்கு எட்டும் செய்திகள் பெரும்பாலும் பிறப்புச் செய்திகளே. முந்தியதிலும் விரைவானதொரு கருவி வந்துவிட்டது. கட்டுரை எழுதும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி வருவது இதனினும் பெரிது என்று நாள்தோறும் முரசறைகின்றனர். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஊரே திரள்கிறது. அப்பிள்ளையை வளர்ப்பவர் யார், நோயுற்றால் மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்பாரில்லை. கணினித் துறையிற் புதியதைப் படைப்பதிலும் இருப்பதைப் பேணுவதே பெரிய காரியம் என்பது என் துணிபு. அதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் சிலவற்றையே சான்றாகக் காட்டுவேன்.

முதலில் மென்பொருளின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். அதனைக் கல்வீடு போல எண்ணுவாருமுளர். ஒருமுறை கட்டிவிட்டாற் பல தலைமுறைக்கு நிற்கும் என்பது அவர்கள் நினைவு. உண்மையில் அது கிடுகு வேய்ந்த வீடு. காலந்தவறாது பழைய கிடுகைக் களைந்து புதுக் கிடுகு வேயாவிடின் மாரியில் ஒழுகும். மென்பொருள் எழுதுவோர் எத்துணை வல்லவராயினும், இலட்சக்கணக்கான வரிகளுள் எங்கேனும் ஒரு பிழை தங்கிவிடும். அப்பிழையை நல்லவர் கண்டால் உரியவருக்கு அறிவிப்பர். தீயவர் கண்டால் அதனூடு புகுவர். ஆதலின் மென்பொருளைச் செய்தவர் காலத்துக்குக் காலம் திருத்தங்களை அனுப்பவேண்டும். கணினியை வைத்திருப்பவர் அவற்றை ஏற்கவேண்டும். 'அப்டேட்' என்று இளைஞர் சொல்வது இதனையே.

இத்திருத்தத்தைத் தாமதித்தோர் பட்ட பாட்டை முதலிற் கூறுகிறேன். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி, மைக்ரோசொப்ட் கம்பனி தன் வின்டோஸ் மென்பொருளிலிருந்த ஒரு பெரும் பிழைக்குத் திருத்தம் வெளியிட்டது. அஃது எவருக்கும் பெரிய செய்தியாகப் படவில்லை. இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை; மே மாதம் 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, 'வன்னாகிரை' என்னும் தீநிரல் அதே பிழையினூடு புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதன் வயப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவைத்துத் திறப்பைத் தருவதற்கு 300 டொலர் கப்பம் கேட்டது அத்தீநிரல். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் வைத்தியசாலைகளை நடத்தும் 236 நிருவாக அமைப்புகளுள் ஏறக்குறைய 80 அமைப்புகள் பாதிக்கப்பட்டன. சத்திரசிகிச்சைக்கு நாட்குறித்துக் காத்திருந்த நோயாளர் சிலருக்கும் அது நடைபெறாது போயிற்று. திருத்தம் இருந்தது, அதற்கு விலையும் இல்லை, ஏற்றுவதற்கு மாத்திரமே ஆளில்லாதிருந்தது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது நம்மவர் வாக்கு. திருத்தம் வந்தவுடன் ஏற்றுக்கொள் என்பதே அன்று உலகம் கற்ற பாடம். அது நல்ல பாடந்தான். ஆனால் ஏழு ஆண்டுகளின் பின்னர் வந்த மற்றொரு வெள்ளிக்கிழமை, அப்பாடம் முழுமையானதன்று என்பதைக் காட்டிற்று.

2024ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் திகதி, நம் நாட்டு நேரப்படி முற்பகல் 9 மணி 39 நிமிடம். கணினிகளுக்குக் காவல் செய்யும் மென்பொருளை விற்பனை செய்யும் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கக் கம்பனி, தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. புதிதாகக் கண்ட சில தாக்குதல்களை இனங்காணுவதற்கான குறிப்புகள் அதில் இருந்தன. அதனைப் பெற்ற வின்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. மீண்டும் எழ முயன்று மீண்டும் விழுந்தன. மைக்ரோசொப்ட் கம்பனியின் கணக்குப்படி 85 இலட்சம் கணினிகள் இவ்வாறு செயலிழந்தன. உலகிலுள்ள வின்டோஸ் கணினிகளுள் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான். ஆயினும் அவை வைத்தியசாலையிலும் வங்கியிலும் விமான நிலையத்திலும் இருந்த கணினிகள். டெல்டா என்னும் அமெரிக்க விமான சேவை மாத்திரமே ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 பயணங்களை இரத்துச் செய்ய நேர்ந்தது.

காரணம் யாது? அக்கம்பனி பின்னர் வெளியிட்ட அறிக்கையே அதனைக் கூறுகிறது. மென்பொருளின் ஒரு பகுதி 20 விவரங்களை மாத்திரமே கொடுக்கக்கூடியது; புதிய கோப்போ 21ஆவது விவரத்தையும் கேட்டது. எங்கள் தொழிலிற் சொல்வதானால், இடாப்பில் 20 பெயரே இருக்க, ஆசிரியர் 21ஆவது பெயரையும் அழைக்க முற்பட்டார். வகுப்பறையில் இது நிகழ்ந்தாற் பிள்ளைகள் சிரிப்பர், அவ்வளவுதான். ஆனால் காவல் மென்பொருள் கணினியின் கருவறைக்குள்ளேயே இருந்து வேலை செய்வது. அங்கே தடுமாற்றம் நேர்ந்தால், மேலும் கேடு விளையாதிருக்கும்பொருட்டு முழுக் கணினியும் நின்றுவிடும். காவலாளியே வாசலில் மயங்கி விழுந்து வீட்டாரை வெளியேறவொட்டாது தடுத்த கதையாயிற்று.

கம்பனியார் 78 நிமிடத்துள் அக்கோப்பை மீட்டுக்கொண்டனர். ஆயின், விழுந்து கிடக்கும் கணினிக்கு வலையமைப்பின் வழியே மருந்து அனுப்புவது எங்ஙனம்? பெரும்பாலான இடங்களில் ஆட்களே கணினி கணினியாகச் சென்று, பழுதான கோப்பைக் கையால் அகற்றவேண்டியதாயிற்று. 78 நிமிடத் தவறுக்குப் பரிகாரம் செய்யப் பல நாட்கள் சென்றன.

இச்செய்தியைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, திருத்தமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்" என்று கூறினாருமுளர். அவர்களோடு நான் உடன்படேன். அவர்கள் 2017ஐ மறந்துவிட்டனர். "புதியது வந்தால் உடனே ஏற்றுக்கொள்ளவேண்டும், அறிஞர் செய்தது தவறாகாது" என்பாருமுளர். அவர்களோடும் நான் உடன்படேன். அவர்கள் 2024ஐ மறந்துவிட்டனர். நூறு பேருக்குப் பந்தி வைக்குமுன் சமையற்காரர் உப்புப் பார்ப்பதில்லையா? உப்புப் பார்ப்பதனாற் பந்தி பிந்துவதில்லை. அதுபோல எத்திருத்தத்தையும் முதலிற் சில கணினிகளுக்குக் கொடுத்து, நலமாயிருப்பின் மேலும் சிலவற்றுக்குக் கொடுத்து, பின்னரே யாவற்றுக்கும் கொடுத்தல் வேண்டும். அந்த நாளில் அனுப்பிய கோப்புக்கு இந்த ஒழுங்கு கைக்கொள்ளப்படவில்லை. இன்னுமொன்று, காவல் மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு படி பிந்தியே ஏற்போம் என்று முன்னெச்சரிக்கையாயிருந்த நிறுவனங்களுந் தப்பவில்லை. அந்த ஏற்பாடு முதன்மை மென்பொருளுக்கு உரியது. இத்தகைய சிறு கோப்புகளுக்கு அன்று உரியதாயிருக்கவில்லை. படிப்படியாக அனுப்புவதும், வாடிக்கையாளருக்குத் தெரிவுரிமை வழங்குவதும் பின்னரே ஏற்பட்டன. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியைச் சோம்பேறியின் சாட்டாகக் கொள்ளுதல் தகாது. சோதித்துப் பார்ப்பவனுக்கே அது பொருந்தும்.

நேயர்களே, இனி நான் கூறவிருப்பது இவை இரண்டினும் எனக்கு முக்கியமாகப் படுவது. பேணுதல் வேண்டும் என்றோம், பேணுபவர் யார்?

லினக்ஸ் என்னும் மென்பொருளை உங்களுட் சிலர் அறிவீர்கள். அஃது எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தக்கூடியது. உலகின் பெருங்கம்பனிகளது சேவைக் கணினிகள் பலவும் அதிலேயே இயங்குகின்றன. அதனோடு சேர்ந்து வரும் சிறு கருவிகளுள் ஒன்று 'எக்ஸ்ஸெட்' என்பது. பெரிய கோப்புகளைச் சுருக்கித் தருவது அதன் வேலை. பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றி, ஓய்வுநேரப் பணியாக, அதனைப் பேணிவந்தார். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ஜியா டான்' என்னும் பெயருடன் ஒருவர் உதவிக்கு வந்தார். வேறு சிலரும் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறதென்று கொலினைக் கடிதங்களால் நெருக்கினர். சோர்ந்திருந்த கொலின், உதவ வந்தவருக்குப் படிப்படியாகப் பொறுப்பைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல வேலையே செய்து நம்பிக்கை பெற்ற அம்மனிதர், 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த பதிப்புகளிலே ஒரு கள்ளவாசலை ஒளித்துவைத்தார். அது பரவியிருந்தால், தொலைவிலிருந்தவாறே எண்ணற்ற சேவைக் கணினிகளினுட் புகுந்து தாம் விரும்பியதை நடத்த அவருக்கு வழி கிடைத்திருக்கும்.

அதனைக் கண்டுபிடித்தது அரசாங்கமன்று, காவல் மென்பொருளுமன்று. அந்திரேஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர் வேறொரு மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அப்பொழுது, தொலைவிலிருந்து கணினியுள் நுழையும் செயலுக்கு வழக்கத்திலும் சுமார் அரை விநாடி கூடுதலாகச் செல்வதை அவர் கவனித்தார். அரை விநாடி! நம்மிற் பலர் அரை மணித்தியாலத்தையே பொருட்படுத்துவதில்லை. அவரோ ஏன் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாது வேரைத் தேடிச் சென்றார். மார்ச் மாதம் 29ஆம் திகதி உலகறிய எச்சரித்தார். கள்ளவாசலுள்ள பதிப்பு அதுவரை பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளையே சென்றடைந்திருந்தமையால் உலகம் தப்பியது.

யூலையில் விமானங்கள் நின்றதை யாவரும் அறிவர். மார்ச்சில் நிகழவிருந்த கேடு நிகழாமற் போனதை அறிந்தோர் மிகச் சிலர். வீழ்ந்த வீடு செய்தியாகிறது. வீழாது காத்த கை செய்தியாவதில்லை. கோடிக்கணக்கிற் பொருளீட்டும் கம்பனிகள், வேதனமில்லாத ஒரு தனிமனிதனின் தோளிலே தம் பாரத்தை ஏற்றிவைத்துவிட்டு, அவன் தளர்ந்தபோது யார் வந்து தாங்குகிறார் என்றும் பாராதிருந்தன. இது நீதியன்று, விவேகமுமன்று. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கும் பேணுசெலவு உண்டு. ஜேர்மனிய அரசு 2022ஆம் ஆண்டில் 'சொவரின் டெக்' என்னும் நிதியத்தை ஏற்படுத்தி, இத்தகைய பொதுமென்பொருள்களைப் பேணுவோருக்குப் பணம் வழங்கத் தொடங்கியது. தெருவையும் பாலத்தையும் பேணுவதற்கு வரிப்பணம் செலவிடும் அரசுகள் யாவும் இதனையும் அவ்வாறே கருதவேண்டும் என்பேன்.

பேணுதலுக்கு முடிவும் உண்டு. அதனையும் நாம் அறிந்திருத்தல் நலம். 2015ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி வெளிவந்த வின்டோஸ் 10க்கு வழக்கமான திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. நன்றாக இயங்கும் கணினிகள் பல, வேண்டிய பாதுகாப்புச் சில்லு இன்மையாலோ, செயலி பழையதாயினமையாலோ வின்டோஸ் 11ஐ ஏற்கத் தகுதியற்றனவாயின. பத்தாண்டு பேணியது குறைவன்று. அதற்காகக் கம்பனியைக் குறைகூறேன். ஆனால் பத்தாம் ஆண்டிலே வாங்கியவனுக்கு அது பத்தாண்டன்று. பாற்பொடிப் பேணியிற்கூட முடிவுத் திகதி அச்சிடப்பட்டிருக்கிறது. பெருந்தொகை கொடுத்து வாங்கும் கணினிக்கு அஃது ஏன் இருத்தலாகாது? ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு நிறைவேற்றிய சட்டமொன்று, இத்தகைய பொருள்களுக்குத் திருத்தம் வழங்கும் காலம் எப்பொழுது முடியும் என்பதை விற்கும்போதே தெரிவிக்கவேண்டும் என விதிக்கிறது. அதன் முதன்மையான கடமைகள் 2027ஆம் ஆண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வரும் என அச்சட்டமே குறிக்கிறது. பழைய கணினியை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: அதனைக் குப்பையில் எறியுமுன், லினக்ஸ் வகைகளுள் ஒன்று அதில் இயங்குமா என்று அறிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

புதுமையை நான் வெறுப்பவனென்று எவரும் எண்ணவேண்டாம். புதியது கண்டாற் சிறுபிள்ளைபோல மகிழ்பவருள் நானும் ஒருவன். ஆனால் நாளை ஒரு புதிய கருவியைப் பற்றியோ, புதியதொரு செயற்கை நுண்ணறிவைப் பற்றியோ நீங்கள் செய்தி கேட்கும்போது, அஃது என்னென்ன செய்யும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதனைப் பேணுபவர் யார், எத்தனை காலத்துக்குப் பேணுவர், திருத்தம் அனுப்புமுன் சோதிப்பரா என்றுங் கேளுங்கள். விடை கிடைக்காவிடின், அதனை வாங்குமுன் சற்றுப் பொறுத்திருங்கள். உங்கள் வீட்டிலுள்ள கணினிக்குத் திருத்தம் ஏதேனும் பல நாளாகக் காத்திருக்கிறதா என்பதையும், முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்திருக்கிறீர்களா என்பதையும் இன்றிரவே பார்த்துவிடுங்கள்.